நடுமைக் பூவலிங்கம்

செம்பூரணியில் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்காமல் போக ஆரம்பித்தது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நடந்த ஒரு தெருமுனைக் கூட்டத்தில்தான் என்றும், அன்றைக்கு மைக்செட் கட்டியிருந்தது பூவலிங்கம் என்றும், அதனால் முதல் ஏச்சு வாங்கியவரும் அவரே என்றும் ஊரில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், மற்ற எதையும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும். பெண்களை டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் ஏற்றுவது நாட்டுக்கு நல்லதா கெட்டதா என்று வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பூக்கடைக்காரிக்கு அந்தப் பேச்சு கணீரென்று கேட்டது, அவள் பக்கத்திலேயே சரம் தொடுத்துக்கொண்டிருந்த மாமியாருக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் மைக் வேலை செய்யவில்லை என்று சத்தம் போட்டார்கள். பூவலிங்கம் வயரைப் பிடுங்கி மாட்டினார், ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார், வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்களே தவிர, கேட்காதவர்களுக்குக் கடைசிவரை கேட்கவில்லை.

அந்த வாரத்திலேயே அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தெருநாய்களைப் பிடிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், பிடிக்கக் கூடாது என்று நினைப்பவருக்கு அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. சினிமா நடிகர் கட்சி ஆரம்பித்ததைப் பற்றி டீக்கடை பெஞ்சில் பேச்சு எழும்பினால், பெஞ்சில் இருந்த பாதிப் பேருக்கு மற்ற பாதிப் பேர் ஊமையானார்கள். பேச்சு மழைக்கும் பருத்திக்கும் மாறிய உடனே காது திறந்துகொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டரம்மா வந்தவர் காதுகளிலெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து, அழுக்கு இருந்தவர்களுக்குச் சொட்டுமருந்து கொடுத்தாள், இல்லாதவர்களுக்கும் மனசு கோணாமல் இருக்கட்டும் என்று கொடுத்தாள்.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் விவாதம் சூடாகிறபோது டீ மாஸ்டர் கைவிரலைப் பார்த்து டீ போடப் பழகினார். பெண் பார்க்கப் போனவர்கள் ஜாதகத்தை எடுப்பதற்கு முன்னால் பையனையும் பெண்ணையும் எதிரெதிரே உட்காரவைத்து, நாட்டு நடப்பில் ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லி, கேட்கிறதா கேட்கிறதா என்று விசாரித்துக்கொண்டார்கள். கோயில் கொடைத் திருவிழா கமிட்டியில் முன்னெல்லாம் நாற்காலி உடையாமல் கூட்டம் முடியாது, இப்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துப் பேசிவிட்டு, தான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள். போலீஸ் ஸ்டேஷனில் அடிதடிப் புகார் குறைந்தது. ஊரே தன் கட்சிதான் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள், நம்பியதால் நன்றாகத் தூங்கினார்கள், நன்றாகத் தூங்கியதால் இது ஒருவிதத்தில் நல்லதுதானே என்றும் பேசிக்கொண்டார்கள்.

பூவலிங்கத்தின் பேச்சு மட்டும் எல்லோருக்கும் கேட்டது, எல்லோர் பேச்சும் அவருக்குக் கேட்டது. அதற்குக் காரணம் தேடி யாரும் அலையவில்லை. ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும், கோயிலுக்கும் சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும், ஒரு சாதிச் சங்கத்துக்கும் அதற்கு எதிரான சாதிச் சங்கத்துக்கும் அவர்தான் மைக்செட் கட்டுவார். மேடைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, யார் இறங்கி வந்து 'எப்படிப் பேசுனேன் அண்ணாச்சி' என்று கேட்டாலும் 'கரெக்டாப் பேசுனீக' என்பார். அது அவர் தொழிலுக்கு வேண்டியிருந்தது. சொல்லிச் சொல்லி ஒருகட்டத்தில் அவர் மனசும் அப்படியே ஆகிவிட்டது. எந்த விஷயத்திலும் அவருக்கென்று ஒரு பக்கம் இருப்பதாக மனைவி செல்லக்கனிகூடக் கண்டதில்லை. சாம்பாருக்கு உப்பு காணுமா என்று கேட்டால்கூட, 'ஒனக்கு எப்படித் தோணுது' என்பார்.

ஆகவே ஊர் அவரைப் பிடித்துக்கொண்டது. பேச முடியாமல் போனவர்கள் அவரை நடுவில் உட்காரவைத்து, நீங்க சொல்லுங்க அண்ணாச்சி என்றார்கள். ஒருவர் சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொன்னால், அது அவர் கருத்து இல்லை என்பதால், எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்டது. புருஷன் பெண்டாட்டிக்கும், அப்பன் மகனுக்கும், வார்டு மெம்பருக்கும் குழாய்த் தண்ணீர் வராத தெருவுக்கும் அவர் பேச்சைக் கொண்டுபோனார், கொண்டுவந்தார். நடுமைக் என்று அவருக்குப் பேர் விழுந்தது. வெள்ளைச் சட்டை போடாமல் அவர் வெளியே போவது நின்றது. கல்யாண வீடுகளில் அவருக்கு முதல் பந்தியில் இலை போட்டார்கள்.

ஆனால் அவர் ஒரு வேலை செய்தார். கிறீச்சிடுகிற குரலை ஆம்ப்ளிஃபயரில் திருகித் தணித்துத் தணித்துப் பழகிய கை, சொல்லிலும் அதையே செய்தது. நாய்களுக்குச் சோறு வைக்கிற அண்ணன் சிவனணைஞ்சான், நாய்களைக் கண்டால் கல்லெடுக்கிற தம்பியைப் பற்றி, 'செத்தாலும் அவன் வாசல் மிதிக்க மாட்டேன்னு சொல்லிருங்க' என்றபோது, பூவலிங்கம் தெருவைத் தாண்டிப் போய், 'இந்த வாரம் அவருக்கு வேலை சோலி கூடவாம், வர முடியாதாம்' என்றார். தம்பி அடுத்த வாரம் கோழி அடித்துக் குழம்பு வைத்துக் காத்திருந்தான். அண்ணன் வரவில்லை. அதற்கும் பூவலிங்கம் ஒரு காரணம் சொன்னார். தான் சமாதானம் செய்துவைப்பதாகவே அவர் நினைத்திருந்தார், ஊரும் அப்படித்தான் நினைத்தது.

பள்ளிக்கூடம் திறந்தபோதுதான் விஷயம் முற்றியது. சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளியிலேயே சாப்பாடு என்று வந்து, சமைப்பதற்கு மகளிர் குழுவிலிருந்து பொன்மாரியைப் போட்டிருந்தார்கள். பொன்மாரி கீழக்காலனிக்காரி, முப்பத்தைந்து வயசிருக்கும், அவள் மகளும் அங்கேதான் மூன்றாம் வகுப்பு படித்தாள். முதல் நாள் பிள்ளைகள் ரவை உப்புமாவை வழித்துச் சாப்பிட்டார்கள், இரண்டாம் தடவை கேட்டவர்களும் உண்டு. மறுநாளிலிருந்து மேலத்தெருப் பிள்ளைகள் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார்கள். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. பிள்ளைக்கு ரவை ஒத்துக்கிடலை என்றார்கள், டாக்டர் வெளிச்சாப்பாடு வேண்டாம் என்றதாகச் சொன்னார்கள். பூவலிங்கத்தின் வீடும் மேலத்தெருதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் சுபாஷிணி, தன் பிள்ளை நித்திலாவை அவர்களிடம் விட்டிருந்தாள். செல்லக்கனி காலையில் இட்லியை அடுக்கி, டிபன் பாக்ஸைப் பேத்தியின் பைக்குள் வைத்து, ஒரு நிமிஷம் பையை மூடாமல் புருஷனைப் பார்த்தாள். பூவலிங்கம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு மேலத்தெருவுக்கும் கீழக்காலனிக்கும் நடுவே காது அடைத்தது, பேச்சு மழைக்கு மாறியும் திறக்கவில்லை. கறிவேப்பிலை என்று கேட்டாலும் கேட்கவில்லை, வழி விடுங்க என்றாலும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் காது மட்டும் யாருக்கும் அடைக்கவில்லை. ரைஸ்மில்லில் நெல் லாரி பின்னால் வந்துகொண்டிருந்தபோது, காலனிக்காரர் ஒருவர் தொண்டை கிழிய எச்சரித்தும், மேலத்தெரு ஆள் திரும்பிப் பார்க்கவில்லை, கால் எலும்பு நொறுங்கிவிட்டது. காது கேட்காத ஊரில் இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்று ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனவர்கள் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்கள்.

தலைமை ஆசிரியை ஹெலன் டீச்சர் பள்ளி வராந்தாவில் இரண்டு பக்கத்தாரையும் கூட்டி, நடுவில் பூவலிங்கத்துக்கு நாற்காலி போட்டாள். மேலத்தெருவுக்காகப் பேசினவர் ரைஸ்மில் குருநாதன். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை, நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் கை ஆக்குனத எங்க பிள்ளைக திங்காது. பாத்திரம் கழுவட்டும், கக்கூஸ் கழுவட்டும், வேண்டாங்கல. அடுப்புப் பக்கம் வரக் கூடாது. எந்தக் காலத்துலயும் வரக் கூடாது. இத அப்படியே சொல்லிரும்."

பூவலிங்கம் பொன்மாரி பக்கம் திரும்பினார்.

"கொஞ்ச நாளைக்கு மேல்வேலைய மட்டும் பாத்துக்கிடச் சொல்லுதாக, தாயி. பிள்ளைக பழகுறவரைக்கும். அப்புறமாப் பாத்துக்கிடலாங்காக."

இரண்டு தெருவையும் சேராத ஹெலன் டீச்சருக்கு இரண்டும் கேட்டது. அவளும் பேசாமல் தரையைப் பார்த்தாள். பொன்மாரி தலையாட்டினாள்.

"கொஞ்ச நாளைக்குன்னா சரி. பிள்ளைக வயிறு காயக் கூடாதுல்ல."

அந்தச் சரியைப் பூவலிங்கம் குருநாதனிடம் கொண்டுபோனார். கொஞ்ச நாளைக்கு என்பதைக் கொண்டுபோகவில்லை. எல்லோரும் எழுந்து கும்பிட்டுக்கொண்டு கலைந்தார்கள், நல்லபடியாக முடித்துவைத்தார் அண்ணாச்சி என்று மேலத்தெருவும் சொன்னது, காலனியும் சொன்னது.

மேலத்தெருவிலிருந்து வேறொரு பெண் வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பொன்மாரி வராந்தா கூட்டினாள், பாத்திரம் கழுவினாள், கழிவறைக்குப் பினாயில் ஊற்றினாள். ஆனி போய் ஆடியும் போய்க்கொண்டிருந்தது. சுதந்திர தினத்துக்கு நடக்கிற கிராம சபைக் கூட்டத்தில் இந்த ஏற்பாட்டையே நிரந்தரமாக்கித் தீர்மானம் போடப்போவதாக ஊரில் பேச்சு வந்தபோது, பொன்மாரி ஒரு மத்தியான நேரம் பூவலிங்கத்தின் மைக்செட் கடைக்கு வந்தாள். அவர் ஒரு பழைய குழாயைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, அன்னிக்கு அவுக என்ன சொன்னாக?"

"அதான் சொன்னேன்ல, தாயி. கொஞ்ச நாளைக்கு…"

"அது நீங்க சொன்னது. அவுக சொன்னதக் கேக்கேன். எம் பிள்ள அங்க சாப்பிட மாட்டேங்கா. ஒங்கம்மா கக்கூஸ் கழுவுறவ, நீ என்னத் தொடாதன்னு கூடப் படிக்கிற மேலத்தெருப் பிள்ளை சொல்லிருக்கு. மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு அந்தப் பேச்சு தன்னால வராது. வீட்டுல பேசியிருக்காக. அத நீங்க கேட்டிருக்கீக."

பூவலிங்கம் கையிலிருந்த ஸ்க்ரூவைத் துடைத்தார், துடைத்த ஸ்க்ரூவையே மறுபடியும் துடைத்தார். குருநாதன் சொன்ன வார்த்தைகள் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தன. வாயைத் திறந்து பார்த்தார். வரவில்லை.

"அது எதுக்கு இப்ப. வாய்ல சொல்ற மாதிரி இல்ல."

"ஒங்க வாய்க்கு ஆகாத சொல்லுல நாங்க குடியிருக்கோம், அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே நான் சரின்னு தலையாட்டியிருக்க மாட்டேன். நீங்க நல்லது பண்ணுனதா நெனைச்சு எங்கிட்டயிருந்து ஒரு சரிய வாங்கிட்டுப் போயிட்டீக."

அவள் கிளம்புவதற்குத் திரும்பினாள், பிறகு நின்றாள்.

"அவுக நெனைக்கிறத விடுங்க. நீங்க என்ன நெனைக்கீக?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் 'எப்படிப் பேசுனேன்' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பூவலிங்கம் தன்னுள்ளே தேடிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இருக்காது என்று நம்பித்தான் தேடினார். ஆனால் அது இருந்தது. டிபன் பாக்ஸ் பைக்குள் போன முதல் காலையிலிருந்தே இருந்திருக்கிறது. அவர் பதில் சொல்வதற்குள் பொன்மாரி வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.

கிராம சபைக் கூட்டம் பள்ளி மைதானத்தில் நடந்தது. கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும், மேலத்தெரு ஒரு பக்கமும் காலனி ஒரு பக்கமுமாக உட்கார, தீர்மானத்தை இரண்டு பக்கத்துக்கும் எடுத்துச் சொல்லும்படி பூவலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். எத்தனையோ ஆயிரம் பேருக்கு மைக்கைச் சரிசெய்து கொடுத்தவர், தன் உயரத்துக்கு அதை ஏற்றவா இறக்கவா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திண்டாடினார். பெண்கள் வரிசையில் செல்லக்கனி இருந்தாள், மடியில் நித்திலா.

"தீர்மானத்தப் படிக்கச் சொன்னாக. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிருதேன். அன்னிக்குக் குருநாதன் சொன்னத நான் பொன்மாரிகிட்ட மாத்திச் சொன்னேன். அந்தக் கை ஆக்குனத எங்க பிள்ளைக திங்காது, எந்தக் காலத்துலயும் அடுப்புப் பக்கம் வரக் கூடாதுன்னுதான் அவர் சொன்னாரு. கொஞ்ச நாளைக்குன்னு பொன்மாரி சொன்னத அவர்கிட்ட நான் சொல்லல. இது ரெண்டும் எந் தப்பு. இனிமே சொல்லப்போறது எங் கருத்து. பொன்மாரிதான் ஆக்கணும். எம் பேத்தி அதத்தான் சாப்பிடணும். சாப்பிட விடாம டிபன் பாக்ஸ் கொடுத்துவிட்டது கேவலம், அத என் வீட்டுலயும் செஞ்சோம்."

எந்த வாக்கியத்தில் அவர் குரல் போனது என்பதை மேலத்தெரு முகங்களில் அவரால் பார்க்க முடிந்தது. 'எங் கருத்து' என்றதுமே புருவம் ஒவ்வொன்றாகச் சுருங்கியது, ஆட்கள் காதைத் தேய்த்தார்கள், ஒருவர் எழுந்து வந்து வயரை ஆட்டிப் பார்த்தார். குருநாதனின் வாய் அசைந்தது. பூவலிங்கத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. தன் தெருவே, பிறந்ததிலிருந்து தன்னை ஏய், டேய், அண்ணாச்சி என்று கூப்பிட்ட தெருவே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல நின்றது. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. செல்லக்கனி எழுந்து, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு அவரை நோக்கி நடந்து வந்தாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத ஆனி மாசமே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

அவருக்குக் கேட்டது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் திட்டிக்கொண்டே வந்தாள், அவர் ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கிக்கொண்டே வந்தார். "பக்கத்து வீட்டுல டிபன் பாக்ஸ் கொடுத்துவிட்டா. எதுத்த வீட்டுலயும் கொடுத்துவிட்டா. எனக்கு மனசு ஒப்பல. ஒங்க மூஞ்சியப் பாத்தேன். நீங்க பொத்தானப் போட்டுக்கிட்டுப் போயிட்டீக. அப்ப ஒங்களுக்கும் அதுதான் சம்மதம்போலன்னு நெனைச்சேன். நீங்க வாயத் தொறக்காட்டா நான் வேற என்னத்த நெனைக்க?"

"நான் ஒனக்கு அதுதான் விருப்பம்னு நெனைச்சேன்."

"நல்லா நெனைச்சீக."

காலனிக்காரர்கள் மேலே எழுதிப் போட்டார்கள், ஹெலன் டீச்சரும் அன்றைக்கு வராந்தாவில் கேட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள், அதிகாரிகள் ஜீப்பில் வந்து விசாரித்துப் போனார்கள். புரட்டாசியில் பொன்மாரி மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தாள். நித்திலா காலனிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டாள், மேலத்தெருவிலிருந்து இன்னும் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குச் சில பிள்ளைகளும் வந்தார்கள். மற்றவர்கள் டிபன் பாக்ஸோடு புளியமரத்தடியில் தனியே உட்கார்ந்தார்கள், தாளித்த வாசனை வந்தபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பூவலிங்கம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பொன்மாரியிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது, அவள் கரண்டியை வைக்காமலே பேசினாள்.

"நீங்க சொல்லாட்டாலும் நான் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருப்பேன், அண்ணாச்சி. ஆனா சொன்னீக. அது இருக்கட்டும்."

கோயில் கொடைக்கு வெளியூரிலிருந்து மைக்செட் வந்தது. மேலத்தெருக் கல்யாணங்களுக்கு அவருக்குச் சொல்லி அனுப்புவது நின்றது, சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. சிவனணைஞ்சானும் அவன் தம்பியும் தங்களுக்கு நடுவே பேச ஆள் இல்லாமல் தெருவில் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் போனார்கள். தன் முதுகுக்குப் பின்னால் ஊர் என்ன பேசுகிறது என்று தெரியாமல் நடப்பது பூவலிங்கத்துக்கு வெறுங்காலோடு நடப்பதுபோல இருந்தது.

சுபாஷிணி சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். குருநாதன் அவள் மாமியாருக்குச் சொந்தத் தம்பி. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று அவள் பேசினாள், கழுத்து நரம்பு புடைக்கப் பேசினாள், கண்ணீர் வழிய வழியப் பேசினாள். ஒரு சத்தமும் இல்லை. செல்லக்கனி மகளின் உதட்டைப் பார்த்துப் பார்த்து, அது அம்மா என்ற சொல்லாக இருக்குமோ என்று தவித்தாள். அப்பாவும் அம்மாவும் பேசியது சுபாஷிணிக்கும் கேட்கவில்லை. நித்திலாவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது. அவள் தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, அம்மா என்ன சொல்லுதுன்னா…"

பூவலிங்கத்துக்கு அதைக் கேட்க வேண்டும்போல இருந்தது. வாழ்க்கையில் எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. குனிந்து, பேத்தியின் வாயைத் தன் உள்ளங்கையால் மெல்ல மூடினார்.

"வேண்டாம் தாயி. அத ஒங்கம்மாதான் எங்கிட்டச் சொல்லணும். நீ சொமக்காத."

சுபாஷிணி பிள்ளையின் துணிமணிகளைப் பையில் அள்ளினாள், பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கினாள், மாலை பஸ்ஸுக்குப் பிள்ளையோடு போய்விட்டாள். செல்லக்கனி பஸ் ஸ்டாண்டுவரை பின்னாலேயே போய், ஜன்னல் வழியாக முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தாள். சுபாஷிணி அதை வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் பூவலிங்கத்தின் போன் அடித்தது. மகளின் பேர் வந்தது. எடுத்துக் காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. அவர் சொல்வது அந்தப் பக்கம் கேட்காது என்று அவருக்குத் தெரியும், கேட்காது என்று அவளுக்கும் தெரியும். நான் அன்னைக்குச் சொன்னது சொன்னதுதான், அத மாத்த மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்குமேல் தெரியாமல் போனைச் செல்லக்கனியிடம் கொடுத்தார்.

செல்லக்கனி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். ஊரணி நிரம்பிட்டது என்றாள். முருங்கை காத்துல முறிஞ்சு விழுந்துட்டு, ஒங்கப்பா சட்டையில்லாம மழைக்குள்ள நின்னு வெட்டுனாக, இப்ப தும்முதாக என்றாள். பிள்ளைக்குத் தலை துவட்டிவிடு, ஈரத்தோட தூங்க விடாத என்றாள். நடுநடுவே நிறுத்தி, பதில் வந்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு 'உம்' என்று சொல்லிக்கொண்டு மேலே பேசினாள். பூவலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து போனின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வினாடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தப் பக்கம் யாரும் போனை வைக்கவில்லை.